மரை

யார்டுக்கு ஒரே சைக்கிள்,
இருபத்திரண்டு காத்தாடிக்கும் சேர்த்து.
பகலில் இஸ்ரவேல், ஆறடி ஓரங்குலம்.
ராத்திரி நான். சீட்டில் உட்கார்ந்தால்
பெருவிரல் மட்டும் பணகுடி மண்ணைத் தொடும்.

ஆக, நாளைக்கு இரண்டு தரம்
ஹேண்டில்பார் ஏறவும் இறங்கவும் வேணும்.

பழைய வண்டியில் அது இரண்டு நிமிஷ வேலை.
ஸ்டெம்மின் உச்சியில் ஒரு போல்ட்.
நாலு சுற்றுத் தளர்த்தி
அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு.
ஃபோர்க் குழாய்க்குள், இருட்டில்,
இறுகிக் கிடந்த ஆப்பு பொத்தென்று விட்டுக்கொடுக்கும்.
ஆப்புதான். ஆபீசில் ஒருத்தருக்கொருத்தர் வைக்கிறோமே, அதே.
இங்கே மட்டும் அதற்கு நல்ல பெயர்.

ஸ்டெம் ஏறினாலும் இறங்கினாலும்
ஃபோர்க்குக்குச் சேதி போகாது.
அது தன் மரையில், தன் இரண்டு நட்டை இறுக்கிக்கொண்டு
பேரிங் குண்டுகளோடு தனிக்குடித்தனம்.

ஸ்டெம்மில் இரண்டு கீறல் போட்டிருந்தோம்.
மேல் கீறல் எனக்கு, கீழ்க் கீறல் அவருக்கு.
தலைகீழாகத் தோன்றும். உயரமான ஆளுக்கு
உள்ளே இருப்பது அதிகம் வெளியே வரணும், அவ்வளவுதான்.
ஆனி ஆடியில், மேற்கே கணவாய் வாய் திறந்து ஊத,
அவரும் குனிந்து என் கீறலுக்கே வந்துவிடுவார்.
அந்த இரண்டு மாசம் சுத்தியலுக்கு வேலை இல்லை.

பிறகு மழையோ வியர்வையோ உள்ளே இறங்கி
ஆப்பும் குழாயும் துருவில் ஒட்டிக்கொண்டன,
இரண்டு கீறலுக்கும் நடுவே,
ஒருத்தருக்கும் ஆகாத இடத்தில்.
வள்ளியூர் மீரான் மண்ணெண்ணெய் விட்டார்,
பைப் ரெஞ்ச் போட்டார்,
"சவம், வளரவும் மாட்டேங்கு, குறையவும் மாட்டேங்கு" என்று
கடைசியில் ஆக்ஸா பிளேடை எடுத்தார்.

புது வண்டி வந்தது.
ஃபோர்க் கழுத்தில் மரையே கிடையாது. வழவழ.
ஸ்டெம் உள்ளே நுழையாமல்
வெளியிலிருந்து கட்டிப்பிடிக்கிறது.
பக்கத்தில் இரண்டு போல்ட்,
ஐந்து நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கு.
மேலே காத்தாடியில் நான் முறுக்குவது அறுநூறு;
ஐந்துக்குக் கை கூசுகிறது.
எடை குறைவு. துருப்பிடிக்க ஆப்பும் இல்லை.
ஆனால் ஸ்டெம்மைத் தளர்த்தினால்
ஃபோர்க்கே கையோடு வரும்.
தனிக்குடித்தனமெல்லாம் இங்கே நடக்காது.

குழாய் நெட்டையா நிக்கி, வெட்டிரவா என்றார் மீரான்.
யார் உயரத்துக்கு?
பழையதில் தப்பாக ஏற்றினால் இறக்கலாம்.
இதை வெட்டினால் வெட்டினதுதான்.
வேண்டாம் அண்ணாச்சி, கிடக்கட்டும் என்றேன்.

நாலு வளையம் கொடுத்தார்.
ஸ்டெம்முக்குக் கீழே போட்டால் உயரும், மேலே போட்டால் தாழும்.
அதற்கு மூடியைக் கழற்றி, பக்க போல்ட் இரண்டையும் தளர்த்தி,
ஃபோர்க் விழாமல் முட்டியில் தாங்கி,
வளையத்தை மாற்றி அடுக்கி, மறுபடி எல்லாம் இறுக்கி,
முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்து...
இருபது நிமிஷம். தினம் இரண்டு தரம் யார் செய்வார்?
கீழே இரண்டு, மேலே இரண்டு என்று வைத்தோம்.
அவருக்கு முதுகு வலித்தது. எனக்குத் தோள்.

ஐப்பசி. காத்தாடி எல்லாம் சும்மா நிற்கிற மாசம்.
ராத்திரி பத்துக்கு வண்டியை எடுக்கப் போனால்
நாலு வளையமும் மேலே.
ஆளைக் குனிய வைக்கிற காற்று எங்கேயும் இல்லை.

இந்த மனுஷனுக்கு மரை கழண்டுவிட்டதா என்று நினைத்தேன்.
பிரேக்கைப் பிடித்து ஆட்டினேன். ஆட்டமில்லை.
டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தேன்.
வலது ஐந்து. இடது ஏழு.

பதினேழாம் டவர் வரை போய்வந்தேன், தோள் வலிக்காமல்.

விடிய ஐந்தேகாலுக்கு ஆலன் சாவியை எடுத்து
நாலு வளையத்தையும் கீழே மாற்றினேன்.
ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு அடுத்த வரியில்
மு. முப்பிடாதி என்று கையெழுத்துப் போட்டு
ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதினேன்:
இடது போல்ட் ஓவர் டைட்.