மறு தகடு

சிஞ்சு நகரத்தில் காற்று நிற்கும் இரவுகள் குறைவு.
அன்று நின்றிருந்தது.
இரண்டு நாற்பதுக்கு
அலமாரிக் கதவுகள் முதலில் பேசின,
பிறகு மீன் தொட்டி, பிறகு கட்டில்.
மகனை மேசைக்கடியில் தள்ளி
நானும் குனிந்து நுழைந்தேன்.

அவன் மூச்சு என் கழுத்தில்.
என் நினைப்போ
நான்கு கிலோமீட்டர் தள்ளி, தூசு புகாத அறையில்
வெற்றிடத்துக்குள் கிடந்த ஒரு குவார்ட்ஸ் தகட்டில்.

ஒரு சாணுக்கும் குறைவு.
ஒளிக்கு மாட்டுகிற முகமூடி.
லட்சம் சில்லுகள் அதன் நிழலில்தான் பிறக்க வேண்டும்.
முந்தைய மாலையிலிருந்து எலக்ட்ரான் கற்றை
அதில் எழுதிக்கொண்டே இருந்தது,
ஒன்பது மணி நேரம்.
இன்னும் இரண்டு கிடைத்திருந்தால் முடித்திருக்கும்.
தெருக்கோடியில் லாரி திரும்பினாலே
கோடு நெளிகிற ஜாதி அது.

முன்பெல்லாம் இப்படி ஆடினால்
வீட்டுச் செருப்போடு ஸ்கூட்டரில் பறப்போம்,
நானும் ஃபான் க்வோ-சாயும்.
உடுப்பு மாற்றி, காற்றுக்குளியலில் கை தூக்கி நின்று,
தகட்டை வெளியே எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம்,
கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும்.

மேசைக்கடியில் கைபேசி ஒளிர்ந்தது.
அதிர்வு வரம்பு மீறியது.
தகடு கைவிடப்பட்டது.
மறு தகடு ஏற்றப்படுகிறது.
எழுதத் தொடங்கும் நேரம் இரண்டு ஐம்பத்தெட்டு.

நான்கு வரி. நான்கும் என்னுடையவை.
போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் முழுக்க
கைவிடப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்று
தேநீர் ஆற ஆறத் தடுமாறி
நான் எழுதிக் கொடுத்த விதி.
நிலம் அடங்கப் பதினெட்டு நிமிடம் என்ற கணக்கும்
நான் கொடுத்ததே.

அடுத்த குலுக்கலுக்கு முன் ஃபான் கூப்பிட்டார்.
"நான் போகணுமா?"
வேண்டாம்.
"பெட்டிய யார் எடுத்தது?"
கூரைத் தண்டவாளத்து வண்டி.
"கீழ போடலயே?"
இல்லை.
சற்று நேரம் அவருடைய நாய் மட்டும் குரைத்தது.
"அப்ப நான் தூங்கட்டுமா" என்றார்,
பத்து வருட இரவு ஷிஃப்டுக்கு
இப்போதுதான் விடுப்பு கேட்பவர்போல.
தூங்குங்கள் என்று சொல்ல
எனக்கென்ன அதிகாரம்? சொன்னேன்.

மகன் முட்டியைச் சுரண்டினான்.
"அம்மா, வெளிய வரலாமா?"
தரை அசையவில்லை. விளக்கு அசையவில்லை.
எப்போது வெளியே வரலாம் என்பதற்கு
இந்த வீட்டில் யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டு ஆகட்டும் என்றேன்.