எடைச்சீட்டின் பின்பக்கம்

பாஹியா பிளாங்கா துறைமுகத்தில்
கோதுமை லாரிகளை நிறுப்பது என் வேலை.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
லாரி மேடையேறும், எண் துடிக்கும்,
கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்,
பிறகு நிற்கும்.
நின்ற எண்ணைத்தான் அச்சடிப்பேன்.
இருபது வருடமாக
நின்ற எண்களை நம்பிப் பிழைப்பவன்.

சம்பளம் வரும் நாளில் ஒரு விலை,
கடைக்குப் போகும் நாளில் வேறு விலை.
மார்ச்சில் கேஸ் சிலிண்டர் வாங்கிய பணத்துக்கு
ஜூனில் அதன் மூடிதான் கிடைக்கும் என்றாள் நெலிடா.
மிகைப்படுத்துவாள்.
ரொம்ப இல்லை.

பகல் ஷிப்ட் ஃபாகுண்டோ வழி சொன்னான்:
போனிலேயே டாலர் மாதிரி ஒன்று வாங்கு,
அதைக் கொடுத்து இன்னொன்று வாங்கு,
ஏறும்போது விற்றுவிடு.
ஏறாவிட்டால்?
"ஏறும்" என்றான்
ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

முதல் செயலி என் முகத்தைக் கேட்டது.
அடையாள அட்டையைக் கன்னத்தோரம் பிடி,
இடப்பக்கம் திரும்பு, கண் சிமிட்டு.
மூன்று முறை, நான் நானில்லை என்றது.
கூண்டுக்குள் எரிந்தது அழுக்கேறிய ஒற்றை பல்பு.
வெளியே போய்
காத்து நின்ற லாரியின் ஹெட்லைட் முன்
பிடிபட்ட திருடனாட்டம் நின்றேன்.
அப்போது ஒப்புக்கொண்டது.

இரண்டாவது செயலி கேட்கவில்லை, கொடுத்தது.
பன்னிரண்டு சொற்கள்.
தாளில் எழுது, ஒளித்து வை,
கட்டியவளுக்கும் காட்டாதே,
இவை போனால் எல்லாம் போயிற்று.
கைக்கு எட்டிய தாளில் எழுதினேன்.

இருபதாயிரம் பெசோ போட்டேன்.
அந்த வாரம் ஏறியது.
ஒரு கிலோ விலாக்கறி அளவுக்கு லாபம்.
ஞாயிறன்று சுட்டோம்.
வாயில் வைத்தபோது லாபம் என்று தெரியவில்லை,
கறியாகத்தான் இருந்தது.
சட்டென்று தீர்ந்தது.

வியாழன் இரவு
தெற்குக் காற்று தகரங்களை உலுக்கிக்கொண்டிருக்க
வாசல் வரை லாரி வரிசை.
நிறுவைத் திரையில் ஓர் எண் நின்றுவிட்டது.
உள்ளங்கைத் திரையில் இன்னோர் எண்
நிற்பதாக இல்லை.
முப்பத்தொரு டன் அசையாமல் மேடையில் கிடக்க
எடையே இல்லாத ஒன்று
என் கையில் கரைந்தது.
விற்கவா, பொறுக்கவா என்று
கட்டைவிரல் யோசிக்கையில்
கண்ணாடியைத் தட்டினான் ஒரு டிரைவர்:
"தூங்குகிறாயா?"
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.

விடியலில்தான் தேடினேன்.
இழுப்பறை, மேஜை, சட்டைப்பை.
சொற்கள் எழுதிய தாள்
எடைச்சீட்டின் பின்பக்கம் என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
முன்பக்கம் பிகுவேயிலிருந்து வந்த லாரி.
ஓட்டுநர் செஃபெரினோ ஷ்ராய்னர்.
நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்
என் பணத்தின் சாவி
யாருடைய டேஷ்போர்டிலோ வெயில் காய்ந்தது.

திங்களன்று வந்தான்.
ஆடும் ஜன்னலுக்கு ஆப்பாகச் செருகியிருந்த சீட்டை
உருவி நீட்டினான், நான்காய் மடிந்திருந்தது.
"பின்னால் எழுதினது நீயா?
நதி, தையல், எருது, ஒன்பது,
தாடி, நிலா...
முழுசாப் புரியல.
என் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன்.
தாடிக்கு அப்புறம் நிலா வருது பார்,
அது பிடிச்சுதாம் அவளுக்கு.
மனப்பாடமே பண்ணிட்டாள்."

சிரிப்பதா என்று தெரியாமல்
தலையை மட்டும் ஆட்டினேன்.
நெலிடாவுக்கே காட்டாதது.

அன்றிரவு மிச்சத்தை
வேறிடம் மாற்றலாம் என்று பார்த்தேன்.
மாற்றக் கூலி கேட்டது.
கூலி, மிச்சத்தைவிட அதிகம்.
அப்படியே விட்டுவிட்டேன்.
பிகுவேயில் ஒருத்தி
பாத்திரம் துலக்கும்போது
அதைச் சொல்லிப் பார்க்கிறாளோ என்னவோ.

"இனி எப்போ எழுதுவ?" என்று
நேற்றும் கேட்டான் ஷ்ராய்னர்.
அவன் லாரி மேடையில் இருந்தது.
எண் துடித்தது, துடித்தது, நின்றது.
அச்சடித்தேன்.
நீட்டும் முன்
திருப்பிப் பார்த்தேன்.
வெற்றுத் தாள்தான்.