நகல்

மர ஆலை மூடிய வருடம்
எங்கள் ஊரில் மிஞ்சிய ஒரே தொழில்
பிள்ளைகளைத் திருத்துவது.

மொன்டானாவில், மலையடியில், ஒரு பண்ணை.
வாசல் பலகையில் செதுக்கிய கழுகு.
உள்ளே அறுபத்திரண்டு பேர், எல்லோருக்கும் ரப்பர் செருப்பு.
ஷூ கொடுத்தால் ஓடுவார்கள்.
பனியில் ரப்பர் செருப்பு எத்தனை தூரம் போகும்?

எனக்கு ஜன்னலோரம் மேசை.
மருத்துவக் காப்பீடு உண்டு,
கணவரின் டயாலிசிஸுக்கு அது வேண்டியிருந்தது.
வேலை, கடிதம் படிப்பது.
வாரத்துக்கு ஒன்று எழுதலாம், அப்பா அம்மாவுக்கு மட்டும்.

பசி என்று வந்தால் கோடு.
தனியறை என்று வந்தால் கோடு.
ஊழியர் பெயர், கோடு.
கூட்டிப்போ என்பதை எத்தனை விதமாக எழுத முடியும் என்று
எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.
இனிமேல் பாத்திரம் கழுவுகிறேன் என்றாலும்
அதற்கு அர்த்தம் கூட்டிப்போதான்.
மத்தியானத்துக்குள் மார்க்கர் வாடை தலையைப் பிளக்கும்.

சிக்னி வந்தது பிப்ரவரியில்.
மின்னசோட்டாவில் அவள் படுக்கையறைக்கு
விடிகாலை மூன்று மணிக்கு இரண்டு ஆட்கள் போனார்கள்,
அப்பா கூலி கொடுத்து அனுப்பியவர்கள்.
நீச்சல் அணியின் பெயர் போட்ட பழைய சட்டையோடு
அப்படியே ஏற்றி வந்தார்கள்.
கோப்பில் இருந்தது:
எதிர்த்துப் பேசுதல். கஞ்சா, ஒருமுறை.
கதவை அறைந்து சாத்துதல்.

முதல் நான்கு கடிதங்களில்
அன்புள்ள அம்மாவையும் வானிலையையும்தான் விட்டுவைத்தேன்.
ஐந்தாவதில் தேறிவிட்டாள்.
மலை அழகு. சாப்பாடு பரவாயில்லை.
பட்டனை என் கட்டிலில் படுக்கவிடு அம்மா,
அவன் எப்படி இருக்கிறானோ
அப்படித்தான் நானும் இருக்கிறேன்.

நாய் மேல் பாசம் என்று நினைத்தேன்.
முன்னேற்றம் என்று ஒரு மஞ்சள் நட்சத்திரம் ஒட்டினேன்.

வியாழக்கிழமை போன் வந்தது.
பட்டன் செத்து இரண்டு வருஷம், என்றாள் அந்த அம்மா.
அவளேதான் குழி தோண்டினாள்,
என்னைத் தொடக்கூட விடவில்லை.
அது எப்படி மறக்கும்?

என் மேசையில் பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்று,
எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று.
மூன்றாம் பதிலைப் படித்தேன்:
பெற்றோர் மனத்தை இளக்கப் பிள்ளைகள் கதை கட்டுவார்கள்.
நீங்கள் இளகினால் சிகிச்சை வீண்.
நல்ல குரல் எனக்கு. தேவாலயப் பாட்டுக் குழுவில் இருந்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் இயந்திரம்
ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு, நன்றி, என்றாள்.
கொஞ்சம் தளர்ந்துவிட்டேன், ரொம்ப நன்றி.

அடுத்த வாரம் தாளை நீட்டும்போது
அம்மா ஏதாவது கேட்டாளா, என்றாள் சிக்னி.
இல்லை, என்றேன்.
தலையாட்டினாள்.
அதற்குப் பிறகு மலையைப் பற்றி மட்டும் எழுதினாள்,
ஒரு எழுத்தும் அடிக்கத் தேவையில்லாமல்,
பதினோரு மாதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
பிள்ளைகள் பேனாவை அழுத்தி எழுதுவார்கள்.
மேலே எவ்வளவு மை பூசினாலும்
தாளின் பின்பக்கம் எழுத்து புடைத்து நிற்கும்.
ஒரு அம்மா திருப்பித் தடவிப் பார்த்தால் போதும்.
அசலை வைத்துக்கொண்டு நகலை அனுப்பலாம் என்று
யோசனை சொன்னது நான்தான்.
அந்த மாதம் இருபத்தைந்து டாலர் கூப்பன் கொடுத்தார்கள்,
கோழி வாங்கினேன்.

ஆறு வருடம் கழித்து மாநிலத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.
தனியறையில் ஒரு பையன் இறந்த பிறகு.
யாரையாவது அடித்ததைப் பார்த்தீர்களா?
இல்லை, நான் பார்த்ததெல்லாம் தாள்.
அது உண்மைதான், அதனால்தான் சுலபமாக வந்தது.

அந்த அதிகாரிக்கு என் மகள் வயது.
கிளம்பக் கோட்டு மாட்டிவிட்டாள்.
கொதிகலன் அறையில் பெட்டிகள் இருக்கின்றன, என்றேன்,
அவள் கேட்காமலே.

முதல் தாளை விளக்கடியில் பிடித்தாள்.
எல்லாம் கறுப்பாக இருக்கிறதே, என்றாள்.

திருப்புங்கள்.
கையுறையைக் கழற்றுங்கள்.