இலக்கம் 117

பூநகரிக் கோட்டையின் தென்மூலையில்
நாலுக்கு நாலு மீற்றர் குழி.
என்னைக் கூலிக்கு எடுத்ததற்கு ஒரே காரணம்:
மண்ணுக்குள் இரும்பிருந்தால் என் முழங்கை முதலில் கூசும்.
ஐந்து வருஷம் முகமாலையில்
முகக்கண்ணாடிக்குள் வியர்த்து, முழந்தாளில் நின்று
மிதிவெடி எடுத்தவளுக்கு
தூரிகையும் சிறுகரண்டியும் புதிதில்லை.
எடுத்ததை வைத்திருப்பதுதான் புதிது.
அங்கே எல்லாவற்றையும்
மாலையில் ஒன்றாக வெடிக்கவைப்போம்.

முதல் வாரம் ஈயக் குண்டு ஒன்று,
கொட்டைப்பாக்களவு.
கலாநிதி நிறுத்துப் பார்த்து
ஒல்லாந்தர் துவக்கு என்றார்.
அதில் பல் பதிந்திருந்தது.
காயம்பட்டவன் கடித்திருக்கலாம்,
பன்றியும் கடித்திருக்கலாம்.
டிலக்சனா இரண்டையும் எழுதி
ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பிறகு துருவேறிய ஆணி நாற்பது.
பீரங்கிக் குண்டென்று ஆசையாய்க் கழுவியது
அம்மிக் குழவியின் முறிந்த பாதி.

மேல் அரை மீற்றரை மட்டும்
'குழம்பிய மண்' என்று
ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.
அது எந்த மாசம் குழம்பியதென்று
எனக்குத் தெரியும்.
ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை அரிதட்டில் தங்கியது
சுண்டுவிரல் நீளப் பித்தளைக் குழாய்.
இரு முனையும் திறந்தபடி,
ஒரு முனை அராவியபடி.
முத்திரை இல்லை. எழுத்தில்லை.
மருந்தளக்கும் குழாயோ, வாள்பிடி வளையமோ
என்று கலாநிதி வில்லைக்குள் குனிந்தார்.
டிலக்சனா கொழும்புக்குப் படம் அனுப்பினாள்.
'படைக்கலன் உறுப்பு. காலம் தெளிவில்லை.'

நான் வாங்கி
சின்னவிரலை உள்ளே விட்டேன்.
கரி.

"ரவைக் கோது, சேர்.
அடியை அராவி எறிஞ்சிட்டு
ஜாம் போத்தல் மூடியில பொருத்தினது.
இதுக்குள்ளால சீலைத்திரி போகும்.
மண்ணெண்ணெய் இல்லாத காலம்.
எங்கட வீட்டிலயும் ரெண்டு இருந்தது."

"எந்தத் தரப்பு ரவை?" என்றார், பேனையோடு.
அடியிலிருந்த எழுத்தை அவர் கேட்கிறார்.
அது எவருடைய முற்றத்திலோ
அரத்தூளாய்ப் போய்விட்டது.
"திரியைக் கொஞ்சமா இழுத்துவிட்டா
அரைப் போத்தல் ஒரு கிழமைக்குக் காணும்"
என்றேன்.

ஆயுதத்துக்கு ஒரு நிரல்,
புழங்குபொருளுக்கு ஒரு நிரல்.
டிலக்சனாவின் பென்சில் நடுக்கோட்டில் நின்றது.
ஆழம் பதினெட்டுச் சென்றிமீற்றர்.
அந்த மண்ணில் எதற்கும் இலக்கம் கொடுப்பதில்லை.
கொடுத்தாள்.

சோற்று நேரம்.
எல்லோரும் கை கழுவத்
தண்ணீர்த் தாங்கியடிக்குப் போனார்கள்.
நான் போகவில்லை.
இடக்கையால் பொட்டலத்தை அவிழ்த்தேன்.