சாட்சிக்குத் தெரிந்தவரை

பெயர்?
டோர்ஸ்டைன் ஓப்ஸ்டால்.
தொழில்?
கிணறு வெட்டுவது.
மனுதாரருக்கு உறவா?
இல்லை.
இரண்டு மைல் தள்ளி எழும் அடுப்புப் புகை,
அவ்வளவுதான் பழக்கம்.

சட்டம் சின்னது.
பத்து ஏக்கரில் மரம் வை,
எட்டு வருடம் சாகாமல் காப்பாற்று,
நூற்றறுபது ஏக்கரும் உனக்கு.
ஏக்கருக்கு அறுநூற்று எழுபத்தைந்து உயிர்மரம்
என்று வாஷிங்டனில் ஒருவர்
மழை அடிக்கும் ஜன்னலருகே உட்கார்ந்து
எழுதியிருக்க வேண்டும்.

நெப்ராஸ்காவில் மழை தபால் மாதிரி.
வந்தாலும்
பாதி நாள் அடுத்தவர் முகவரிக்கு.

லுட்மிலா வோத்ருபா
போஹீமியாவிலிருந்து ஒரு தையல் ஊசிப்பெட்டியோடும்
இறந்த கணவனின் பூட்ஸோடும் வந்தாள்.
பூட்ஸைத்தான் முதலில் போட்டுத் தேய்த்தாள்.
ஆற்றங்கரையில் காட்டன்வுட் போத்து வெட்டி,
கோணியில் நனைத்துச் சுமந்து,
கோடு கோடாக ஊன்றினாள்.
முதல் வருடம் முயல் கடித்தது.
மூன்றாம் வருடம் காய்ச்சல்; நிலத்துக்கும் அவளுக்கும்.
ஐந்தில் தீ.
பிழைத்ததற்கு வெள்ளை மொச்சை,
பட்டதற்குக் கறுப்பு என
ஜாடியில் கணக்கு வைத்தாள்.
அந்தக் குளிர்காலம் மாவு தீர்ந்தபோது
பட்ட மரங்களையெல்லாம்
வேகவைத்துத் தின்றோம் என்று சொல்லிச் சிரித்தாள்.

எட்டாம் வருட ஏப்ரல்.
எண்ணுவதற்கு நானும் பார்னபி கில்ராயும்.
வேலிக்கு அப்பால் குதிரைமேல் ஸ்லோகம்,
ஒரு மரம் குறைந்தாலும்
நிலத்துக்கு மனுப்போட
காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

அன்று மாலைவரை எண்ணினோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு குறைந்தது.
இருட்டிவிட்டது, மிச்சத்தை
நாளைக்கு எண்ணலாம் என்றார் கில்ராய்.
மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

காலையில் தெற்கே ஒரு வரிசை நின்றது.
ஆள் உயரக் கொம்புகள்.
வெட்டுவாயில் ஈரம்.
அடியில் ஆற்று மணல்,
எங்கள் மண் கறுப்பு.
லுட்மிலாவின் பாவாடை
முழங்கால்வரை சேறு.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கில்ராய் தொப்பியைக் கழற்றினார்,
தேவாலயத்தில் கழற்றுவதுபோல.
"ஒன்று" என்றார்
உரக்க, ஸ்லோகத்துக்குக் கேட்கும்படி.
நான் "இரண்டு" என்றேன்.

நில அலுவலகத்தில் கேட்டார்கள்:
மரங்கள் செழிப்பாக உள்ளனவா?
சாட்சிக்குத் தெரிந்தவரை, ஆம்.
நீரே எண்ணினீரா?
ஆம்.
வேர் இருந்ததா என்று
படிவத்தில் கேள்வி இல்லை.
இந்த ஆற்றோரம் இதற்குமுன் இருந்தவர்கள் யார்,
அவள் முதல் போத்து ஊன்றுவதற்கு முந்தின வருடம்
பொங்கா மக்களைப் படை எங்கே நடத்திப்போயிற்று
என்பதற்கும் அதில் கட்டம் இல்லை.
இருந்த கட்டங்களை
நான் நிரப்பினேன்.

பைபிள்மேல் வைத்த கை
வாரக்கணக்கில் எனக்குப் பிடிக்கவில்லை.
சாப்பிடும்போது இடதுகையைப் பழகினேன்.

பிறகு அந்த ஜூனில் மழை,
எங்கள் முகவரிக்கே.
கொம்புகள் கண் திறந்தன.
இருநூற்றுப் பன்னிரண்டில் எத்தனை என்று
நான் எண்ணப் போகவில்லை.

தொண்ணூற்றொன்றில் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.
பொய்ச்சத்தியம் மலிந்துவிட்டதாம்.
கில்ராய் செய்தித்தாளைப் படித்துவிட்டு
மீன் சுற்ற எடுத்துப் போனார்.

அதே கோடையில் லுட்மிலா
கிணறு வெட்டக் கூப்பிட்டாள்.
தெற்கு வரிசைக்குப் பக்கம், நிழலாக இருக்கிறது என்று.
ஒன்பதாவது அடியில்
கடப்பாரையில் மெத்தென்று ஏதோ பட்டது.
மண்ணை விலக்கினேன்.
மணிக்கட்டு தடிமனில் ஒரு வேர்,
நான் தேடிய தண்ணீரை
எனக்கு முன்னால் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

மேலே ஏறி வந்தேன்.
பாறை என்று சொன்னேன்.
குழியை மூடி
நாற்பது முழம் தள்ளி
மறுபடி வெட்டினேன்.
கூலி ஒரு கிணற்றுக்குத்தான் வாங்கினேன்.