கெடு

ஹார்ட்டில்பூலில் மழை.
நகராட்சிக் கட்டடம், இரண்டாம் மாடி, ஏழு நாற்காலிகள்.
பேசியதை அல்ல,
முடிவானதை மட்டும் எழுது என்று
சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

போன முறை கீகன் சொன்னது:
"செவ்வாய்க்கிழமை வைக்காதீங்க.
அன்னிக்கு அறிவியல் வகுப்பு.
ஆட்டு இதயத்தை அறுத்துப் பார்க்க இருந்தோம்.
நீங்க கதவைத் தட்டிக் கூப்பிட்டீங்க.
எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."
நான் எழுதியது:
கீகனுக்கு அறிவியலில் ஆர்வம் உள்ளது.

இன்று புதன். அதுவரைக்கும் சரி.

யாரை அழைக்கலாம் என்ற தாளில்
ஐந்து பெயர்களைப் பென்சிலால் அடித்திருந்தான்
(என் பெயரும் அதில் உண்டு.
குறிப்பெடுப்பவரை அடிக்க முடியாதென்று
அவனுக்கு விளக்கினார்கள்).
ஒரு பெயரைச் சேர்த்திருந்தான்:
ஸ்டொபார்ட், டாக்ஸி.

வந்தார். ஈரக் கோட்டை எங்கே மாட்டுவதென்று தெரியாமல்
மடியிலேயே வைத்துக்கொண்டார்.
ஒவ்வொருவராகத் தம்மைச் சொன்னார்கள்:
மீளாய்வு அதிகாரி, வளர்ப்புத் தாய் லோர்னா,
பள்ளியிலிருந்து ஒருவர்,
பன்னிரண்டு நாள் முன்பு சேர்ந்த சமூகப் பணியாளர்,
இந்த ஆண்டின் மூன்றாமவள், பாவம், நல்ல பெண்.
"வண்டி ஓட்டுறேன்" என்றார் ஸ்டொபார்ட்.
எத்தனை நாளாக?
"மூணு வீடா."

நாங்கள் ஆறு ஆறு மாதமாக
அளந்துகொண்டிருந்தோம்.

சொல்ல ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள்.
அவர் கீகனைப் பார்த்தார்.
பிஸ்கட்டை இரண்டாக உடைத்து
இரண்டையும் தின்னாமல் வைத்திருந்தவன்
தலையசைத்தான்.

"வியாழக்கிழமை மட்டும் சுத்து வழியாப் போவோம்.
மொத வீட்டுத் தெரு. கேட் பக்கத்துல ஒரு நாய் நிக்கும்.
நிறுத்த மாட்டோம். மெதுவாப் போவோம்.
அந்த நாலு நிமிஷத்த நான் மீட்டர்ல போடறதில்ல."

கொஞ்ச நேரம் யாரும் தாளைப் புரட்டவில்லை.
பிறகு அந்தப் பெண் கோப்பில் தேடினாள்.
இருநூறு பக்கம்.
நாய் இல்லை.

"அது என் நாய் இல்ல" என்றான் கீகன்.
"சும்மா தெரியும்."

அப்புறம் விதிகள் வந்தன:
அங்கீகரித்த வழித்தடம், காப்பீடு,
மார்ச்சில் முடிகிற ஒப்பந்தம்,
குறைந்த தொகை கேட்பவருக்கே அடுத்தது என்பது.
ஸ்டொபார்ட் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்,
வாயைத் திறந்திருக்கக் கூடாதோ என்பதுபோல.
லோர்னா மட்டும் தன் கைக்குட்டையை
யாருக்கும் தேவைப்படாமல் மேசைமேல் வைத்தாள்.

என் திரையில் மூன்று பத்திகள்.
நடவடிக்கை: நாய்.
பொறுப்பு: (யார் பெயரைப் போட?)
கெடு: வியாழன்தோறும்.

இது முடிவல்ல, பேச்சு என்று
திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.

சன்னலுக்குக் கீழே
முன்கதவைத் திறந்து பார்க்கிறான்,
ஏதோ சொல்கிறார் அவர்,
மூடிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொள்கிறான்.
இன்று புதன்.
வண்டி நேர்வழியே போகிறது.