வரைபடத்தில் பச்சை

மூன்று நிறுவனங்களின் வரைபடத்திலும்
எலூனெட்டின் வீடு பச்சை.
இணைப்புக் கொடுக்க வந்த பையன்
குன்றை ஒருமுறை பார்த்தான்.
வண்டியிலிருந்து ஏணியை இறக்கவே இல்லை.

பிறந்த கன்றுகளைப் பதிவு செய்ய
நூலக வாசலில், காருக்குள்,
மடியில் கணினியோடு
வேல்ஸ் மழையில் இரண்டு குளிர்காலம்.

கோபுரம் தெரிவது
கெதினின் கொட்டகைக் கூரைக்கு மட்டும்.
அவனோடு வேலித் தகராறு;
பேசி ஒன்பது வருடம்.

கேட்டாள். எப்படிக் கேட்டாளோ.
அவன் தலையைக்கூட ஆட்டவில்லை.
மறுநாள் கூரையில்
ஆணி அடிக்கும் சத்தம்.

இப்போதும் பேச்சில்லை.
மாதம் பிறந்தால் அதே வேலிக் கம்பத்தின்மேல்
ஒரு டஜன் முட்டை வைக்கிறாள்;
ரசீது கிடையாது.

பனி மூடி, படம் பாதியில் நின்றால்
ஜன்னலுக்கு வருகிறாள்.
எதிர்மேட்டில்
டார்ச் ஒன்று
ஏணி ஏறிக்கொண்டிருக்கிறது.